பார்கின்சன் குளிசையும் விழுதலும்: முதலில் நேரத்தை எழுதுங்கள்

கேள்வி சுருக்கமாக இது. திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 71 வயது, பார்கின்சன் நோய் என்று கண்டுபிடித்து நான்கு வருடம். லெவோடோப்பா–கார்பிடோப்பா 100/10 குளிசை காலை 6 மணி, மத்தியானம் 1 மணி, இரவு 8 மணிக்கு ஒவ்வொன்று. கூடவே பென்ஸ்ஹெக்சோல் 2 மில்லிகிராம் இரண்டு வேளை, பிரஷருக்கு லொசார்ட்டானும் பிரசோசினும், புரஸ்டேட்டுக்கு இரவில் டாம்சுலோசின். இரண்டு மாதத்தில் மூன்று தரம் விழுந்துவிட்டார்: ஒருநாள் காலை 7 மணிக்குக் கிணற்றடியில், ஒருநாள் மத்தியானம் 1.30க்குச் சாப்பிட்டு 2.10 அளவில் கதிரையிலிருந்து எழும்பும்போது, ஒருநாள் விடியப்புறம் 4.30க்குக் கக்கூஸ் வாசலில். தலைச்சுற்று என்று சொன்னதற்கு ஒரு இடத்தில் சினரிசின் கொடுத்திருக்கிறார்கள். "பார்கின்சன் குளிசைதான் ஆளை விழுத்துது, நிப்பாட்டுங்கோ" என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். நிப்பாட்டலாமா?

நிப்பாட்ட வேண்டாம். லெவோடோப்பாவைத் திடீரென்று விட்டால் ஓரிரு நாளில் உடம்பு கட்டைபோல இறுகி, கடுங்காய்ச்சல் வந்து, நினைவு குழம்பி உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரைக் கேட்காமல் பாதியாக உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம். ஆனாலும் சொந்தக்காரர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. அப்பாவின் முதல் இரண்டு விழுதலும் மருந்து உச்சத்தில் நிற்கும் நேரத்தில் நடந்திருக்கின்றன. மூன்றாவது, மருந்து தீர்ந்துபோய்க் கிடந்த நேரத்தில். முன்னதற்குச் செய்ய வேண்டியதும் பின்னதற்குச் செய்ய வேண்டியதும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். கிளினிக்கில் போய் "மூன்று தரம் விழுந்தார்" என்று மட்டும் சொன்னால், மருந்தைக் கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம். இரண்டில் எது செய்தாலும் ஒரு பக்கம் மோசமாகும். விழுந்த நேரமும் அதற்கு முந்தின குளிசையின் நேரமும் தெரிந்தால்தான் வழி பிறக்கும்.

இந்தக் குளிசைக்கு ஒரு மணிக்கணக்கு இருக்கிறது. விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கும். வருத்தம் வந்த முதல் வருடங்களில் ஒரு குளிசையின் பலன் நீண்டு நிற்கும். பிறகு மூன்று முதல் ஐந்து மணி நேரம், இன்னும் போகப்போக அதிலும் குறைவு. இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போதும். அப்பாவின் கணக்கைப் பாருங்கள். 6 மணிக் குளிசை ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் உச்சம், பத்து பதினொன்றுக்கு இறங்குமுகம், பிறகு 1 மணி வரை வெறும் வயல். இரவு 8 மணிக் குளிசை நடுச்சாமத்துக்குள் முடிந்துவிடும். விடியப்புறம் 4.30க்கு அவர் உடம்பில் மருந்து என்று சொல்லத்தக்க அளவில் எதுவும் இல்லை.

ஒரு கொப்பியை எடுத்து ஒரு கிழமைக்கு எழுதுங்கள். அலங்காரம் ஒன்றும் தேவையில்லை. இப்படி இருந்தால் போதும்: "6.00 குளிசை. 6.40 நடை இலகு, கை நடுக்கம் குறைவு. 7.00 கிணற்றடியில் குந்தி எழும்பினார், கண் இருட்டுது என்றார், சுவரைப் பிடித்தார். 11.15 கால் இழுபடுது, பேச்சு மெல்ல. 1.00 குளிசை. 1.30 சோறு. 2.10 எழும்பும்போது தள்ளாட்டம்." விழாமல் தப்பிய தருணங்களையும் எழுத வேண்டும். விழுதல் மாதம் ஒன்றிரண்டுதான், தள்ளாட்டம் நாளுக்கு நாலு. வைத்தியருக்கு வடிவத்தைக் காட்டுவது தள்ளாட்டம்தான்.

முதலில் கிணற்றடி விழுதலைப் பார்ப்போம். ஆள் எழுந்து நிற்கும்போது அரை லீட்டருக்கு மேல் இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. சாதாரணமாக நரம்புகள் உடனே இரத்தக்குழாய்களைச் சுருக்கிப் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும். பார்கின்சன் நோய் அந்த நரம்புகளையும் தாக்குகிறது. நோய்க்கே அந்தக் குணம் உண்டு. அதற்கு மேல் லெவோடோப்பாவில் ஒரு பகுதி மூளைக்குப் போகாமல் உடம்பிலேயே டோபமினாக (பார்கின்சனில் மூளைக்குக் குறைந்துபோகும் பொருள் இதுதான்) மாறி, குழாய்களைத் தளர்த்துகிறது. அதற்கும் மேல் பிரஷர் குளிசை. இந்த மூன்றும் காலை ஏழு மணிக்கு ஒன்றாகக் கூடுகின்றன. இரவு முழுக்கச் சிறுநீர் போய் உடம்பில் தண்ணீரும் குறைந்திருக்கும் நேரம் அது. அப்போது குந்தியிருந்து எழும்பினால் தலைக்கு இரத்தம் போதாது.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். மேற்கையில் கட்டும் டிஜிட்டல் பிரஷர் மெஷின் வேண்டும். மணிக்கட்டு மெஷின் நடுக்கம் உள்ளவருக்குப் பிழை காட்டும். அப்பாவைக் கட்டிலில் ஐந்து நிமிடம் நேராகப் படுக்கவைத்து ஒரு தரம் அளவுங்கள். எழுப்பி நிறுத்தி, ஒரு நிமிடத்தில் ஒரு தரம், மூன்றாம் நிமிடத்தில் ஒரு தரம். ஒருவர் பக்கத்தில் நின்று பிடிக்க வேண்டும், பின்னால் ஒரு கதிரை இருக்க வேண்டும். அளக்கும் கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். தொங்கவிட்டால் அளவு கூடிக் காட்டும். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதுதான் எழும்பும்போது விழும் பிரஷர். நாடித்துடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரஷர் நன்றாக இறங்கியும் துடிப்பு ஐந்து, பத்துக்கு மேல் ஏறவில்லை என்றால் நரம்புக் கோளாறு என்று நினைக்கலாம்; துடிப்பு வேகமாகத் துள்ளி ஏறினால் தண்ணீர் வற்றல், இரத்தக் குறைவு போன்றவற்றைத் தேட வேண்டும். காலைக் குளிசைக்கு முன் ஒருதரம், குளிசை எடுத்து ஒரு மணி நேரத்தில் ஒருதரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து ஒருதரம் என்று மூன்று நான்கு நாள் அளந்தால் படம் தெளிவாகும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கிளினிக்கில் சனம் நிறைந்த காலையில் பிரஷர் பார்ப்பது இருக்கவைத்துத்தான். இருக்கும்போது 148க்கு 84 என்று வரும். "கொஞ்சம் கூட" என்று இன்னொரு பிரஷர் குளிசை சேரும். அதே ஆள் எழும்பி நிற்கும்போது 104க்கு 62 ஆக இறங்குவதை அங்கே எவரும் காண்பதில்லை. எல்லாருக்கும் தலை சுற்றும் என்றும் இல்லை. சிலருக்குக் கண் மங்கும், சிலருக்குக் கழுத்தும் தோள்மூட்டும் உளையும், சிலர் "கால் சோருது" என்பார்கள், சிலர் எந்த அறிகுறியும் சொல்லாமல் அப்படியே சரிவார்கள். உங்கள் கொப்பியில் உள்ள படுத்த அளவையும் நின்ற அளவையும் வைத்தியரிடம் காட்டுங்கள். பிரசோசினும் டாம்சுலோசினும் ஒரே குடும்பத்து மருந்துகள். இரண்டுமே எழும்பும்போது பிரஷரை இறக்குபவை. இரண்டும் ஒன்றாக வேண்டுமா, லொசார்ட்டானைக் குளிசை உச்சமாகும் காலை வேளையிலிருந்து வேறு நேரத்துக்கு மாற்றலாமா என்று நேராகக் கேளுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. என் கணிப்பில் அப்பாவின் விழுதல்களில் அதிக பங்கு பிரசோசினுக்கும் டாம்சுலோசினுக்கும் சேர்ந்து இருக்கிறது. பழியை மட்டும் பார்கின்சன் குளிசை ஏற்கிறது.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. குளிசைப் பட்டையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 100/10 என்றால் 100 மில்லிகிராம் லெவோடோப்பா, 10 மில்லிகிராம் கார்பிடோப்பா. கார்பிடோப்பாவின் வேலை, லெவோடோப்பா உடம்பிலேயே டோபமினாக மாறிவிடாமல் தடுத்து மூளைவரை கொண்டுசேர்ப்பது. அந்தத் தடை நன்றாக வேலை செய்ய ஒரு நாளைக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை கார்பிடோப்பா வேண்டும். அப்பாவுக்குக் கிடைப்பது மூன்று குளிசையிலும் சேர்த்து 30 மட்டுமே. அதனால் வயிற்றுப் பிரட்டலும் பிரஷர் இறக்கமும் கூடுகின்றன, மூளைக்குப் போவதும் குறைகிறது. 100/25 வகைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். லெவோடோப்பா அளவு அதே 100தான், ஆனால் மூன்று வேளைக்கு 75 மில்லிகிராம் கார்பிடோப்பா சேரும். மூளைக்குப் போகும் அளவு அதனால் கூடுவதால் மாற்றிய முதல் கிழமைகளில் கை கால் தேவையில்லாமல் நெளிகிறதா என்று பார்க்க வேண்டும்.

எண்ணில் இன்னொரு பொறியும் உண்டு. சில பெட்டிகளில் இரண்டையும் கூட்டி 110, 125, 275 என்று போட்டிருக்கும். 275 என்பது 250ம் 25ம் சேர்ந்தது. வழக்கமான குளிசை பாமசியில் இல்லை என்று 275ஐக் கொண்டுவந்து அதே கணக்கில் கொடுத்தால் லெவோடோப்பா இரண்டரை மடங்காகிவிடும். கையால் உடைத்துக் கால் குளிசை கொடுப்பதும் நம்பத்தக்கதல்ல. ஒரு துண்டு பெரிது, ஒரு துண்டு தூள். பாமசியில் குளிசை வெட்டும் சின்னப் பெட்டி கிடைக்கும். மெல்ல மெல்லக் கரையும் வகை என்றால் அரைக்கவோ பொடிக்கவோ கூடாது.

சினரிசினைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைச்சுற்று என்றவுடன் நம் பக்கத்தில் கை போவது சினரிசினுக்கும் புரோகுளோர்பெரசினுக்கும்தான். இரண்டுமே மூளையில் டோபமினைத் தடுப்பவை. பார்கின்சன் இல்லாத ஆளுக்கே நீண்டநாள் கொடுத்தால் பார்கின்சன் மாதிரி இறுக்கமும் நடுக்கமும் கொண்டுவரக் கூடியவை. அப்பாவுக்கு அதைக் கொடுப்பது, கிணற்றில் ஒரு வாளி ஊற்றி மறுபக்கம் இரண்டு வாளி அள்ளுவதற்குச் சமம். அவருடைய தலைச்சுற்று காதில் பிறந்ததில்லை, பிரஷரில் பிறந்தது. சினரிசின் அதைத் தீர்க்கவும் மாட்டாது, நித்திரைத் தூக்கத்தைக் கூட்டி இன்னும் தள்ளாட வைக்கும். மருந்து எழுதியவரிடமோ கிளினிக் வைத்தியரிடமோ இந்த வாரமே காட்டி நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் இதே வகை. குமட்டல் இருந்தால் டொம்பெரிடோன் பாதுகாப்பானது. அதற்கும் இதயத்தின் நிலையை வைத்தியர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

பென்ஸ்ஹெக்சோல் நடுக்கத்துக்கு நல்லது, நடைக்கும் சமநிலைக்கும் பெரிதாக உதவாது. எழுபது வயதுக்கு மேல் அது ஞாபகத்தைக் குழப்பும், இல்லாததைக் காட்டும், கண்ணை மங்கவைக்கும், மலச்சிக்கலையும் சிறுநீர் அடைப்பையும் கூட்டும். புரஸ்டேட் உள்ளவருக்கு இது இரட்டைக் கெடுதி. "இரவில் மூலையில் யாரோ நிற்கிறார்" என்று அப்பா சொன்னதுண்டா, பெயர் மறக்கிறாரா என்று யோசித்துப் பாருங்கள். உண்டென்றால் அந்தக் குளிசையைக் கிழமை கிழமையாகக் குறைத்து விடுவது பற்றிக் கேட்கலாம். இதையும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. தடிமனுக்கு வாங்கும் குளோர்பெனிரமின், நித்திரைக்கு வாங்கும் டயசிபாம், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் இவையும் இரவில் விழுத்தும் பட்டியலில் உள்ளவை. பார்கின்சனுக்கே கொடுக்கும் பிரமிபெக்சோல், ரொபினிரோல் சேர்த்தால் பகலில் சட்டென்று நித்திரை விழும் பழக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நாட்டு மருந்து எடுப்பவர்கள் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோப்பா இருக்கிறது. சித்த வைத்தியத்தில் நடுக்குவாதத்துக்கு அதைக் கொடுப்பது வீண் நம்பிக்கை இல்லை, அதில் உண்மையான மருந்து இருக்கிறது. அதனால்தான் ஆபத்தும் இருக்கிறது. பொடியையும் குளிசையையும் சேர்த்து எடுத்தால் உடம்புக்குப் போகும் அளவு எவருக்கும் தெரியாமல் கூடிவிடும். எந்த வைத்தியரிடம் போனாலும் மற்றவர் கொடுத்ததைக் காட்டுங்கள்.

இனி மத்தியானம் நடந்த விழுதல். குளிசை 1 மணி, சோறு 1.30, விழுந்தது 2.10 அளவில். சாப்பிட்டதும் இரத்தம் வயிற்றுப் பக்கம் குவிகிறது. சோறு போன்ற மாச்சாப்பாடு பெரிதாக இருந்தால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை பிரஷர் இறங்கியே இருக்கும். அதே நேரம்தான் 1 மணிக் குளிசையும் உச்சத்துக்கு ஏறுகிறது. ஒரு கோப்பை நிறையச் சோற்றை இரண்டாகப் பிரித்து மூன்று மணி நேர இடைவெளியில் பாதி பாதியாகக் கொடுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் சாய்ந்திருக்கட்டும், எழும்பத் தேவையானவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் கொடுப்பது நல்லது, ஏனெனில் மீன், இறைச்சி, பருப்பு, தயிர் ஆகியவற்றின் புரதமும் லெவோடோப்பாவும் ஒரே வாசலால்தான் உள்ளே போகின்றன. இரும்புச்சத்துக் குளிசை இருந்தால் அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

தண்ணீர் ஒரு மருந்துபோல வேலை செய்யும். எழும்புவதற்கு முன் இரண்டு கிளாஸ், அதாவது 400 முதல் 500 மில்லிலீட்டர், ஐந்து நிமிடத்துக்குள் குடித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிரஷர் ஏறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கும். காலையில் கட்டிலில் இருந்தபடியே குடிக்கவையுங்கள். பிறகு படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் முப்பது தரம் அசைத்து, கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கப்போட்டிருந்து, பிடித்துக்கொண்டு எழும்பி, நின்ற இடத்திலேயே அரை நிமிடம் நின்று பிறகு முதல் அடி. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டையும் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் உயர்த்தினால் இரவில் சிறுநீர் போவதும் காலையில் பிரஷர் விழுவதும் குறையும். வெறும் செங்கல் வைத்தால் கட்டில் வழுகும். நடுவில் குழி வெட்டிய மரக்கட்டை வையுங்கள். தலையணையை அடுக்குவது இதற்கு ஈடாகாது, அது இடுப்பை மடக்கும். இதய வீக்கமோ சிறுநீரக நோயோ உள்ளவருக்குத் தண்ணீரையும் உப்பையும் கூட்டுவது வைத்தியரைக் கேட்டபின்தான். இவ்வளவும் செய்தும் அளவு இறங்கினால் புளூட்ரோகோர்ட்டிசோன், மிடோட்ரின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவை படுக்கும்போது பிரஷரை அதிகம் ஏற்றலாம் என்பதால் அளந்து அளந்துதான் கொடுப்பார்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையில் இது எல்லாம் இரட்டிப்பாகும். வியர்வையில் தண்ணீரும் உப்பும் போகும், வெயிலில் தோலின் குழாய்கள் விரியும். பத்து மணிக்குப் பிறகு வெளிவேலை வேண்டாம். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த பொடி) கரைத்துக் கொடுங்கள், அன்றைய பிரஷர் குளிசையைக் கொடுப்பதா என்று வைத்தியரைக் கேளுங்கள். கன்னியா வெந்நீர் ஊற்றில் குளித்தால் வாதம் போகும் என்று முதியவர்களைக் கூட்டிப்போவது நம் வழக்கம். எழும்பும்போது பிரஷர் இறங்கும் ஆளுக்கு வெந்நீர் குழாய்களை இன்னும் விரித்துவிடும். சுற்றிவர ஈரத் தரை. கட்டாயம் போக வேண்டுமென்றால் வாளியால் தலைக்கு ஊற்றாமல் கை கால் நனைத்து, இருந்தபடி செய்து, குளிசை உச்சத்தில் நிற்கும் நேரத்தில் போகாமல் பாருங்கள். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வழியாக ஏறும்போது மான் கூட்டத்தைப் பார்க்கச் சட்டென்று திரும்புவது, பூசை முடியும்வரை அசையாமல் நிற்பது, விழுந்து கும்பிட்டு உடனே எழும்புவது: மூன்றும் விழுத்தும் செயல்கள். இருந்து கும்பிடலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் தொழுகைக்கும் இதே கதை. நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்பும்போது பிரஷர் இறங்கும், கதிரையில் இருந்து தொழுவது பாதுகாப்பு. கந்தசஷ்டி விரதமோ ரமழான் நோன்போ பிடிக்க விரும்பினால் ஒரு மாதத்துக்கு முன்பே கேளுங்கள். குளிசையை விடுவதும் தண்ணீரை விடுவதும் ஒன்றாக நடந்தால் இரண்டு வகை விழுதலும் ஒரே நாளில் வரும்.

மூன்றாவது விழுதல், விடியப்புறம் 4.30, வேறு சாதி. அப்போது அப்பா கடைசிக் குளிசை எடுத்து எட்டு மணி நேரத்துக்கு மேல். இந்த நேரத்தில் கால் தரையில் பசை பூசி ஒட்டினதுபோல நிற்கும். நன்றாகக் கவனித்தால் வாசல்நிலைக்கு முன்தான் அது அதிகம் நடக்கும்: பாதம் நடுங்கி நடுங்கி நிற்க, உடம்பு முன்னால் போய்விடும், கை நிலையைத் தேடும். ஒடுங்கிய இடம், திரும்பும் இடம், இருட்டு, அவசரம் நான்கும் கக்கூஸ் வாசலில் சேர்ந்திருக்கின்றன. பார்த்தவர் "மருந்து கூடிப்போச்சு" என்று நினைத்து இரவுக் குளிசையைக் குறைத்தால் இது இன்னும் மோசமாகும்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியது, அதே அளவைப் பிரித்து இடைவெளியைச் சுருக்கலாமா, படுக்கும் நேரத்துக்கு மெல்லக் கரையும் வகை ஒன்று தரலாமா, அதிகாலையில் ஒரு சின்ன அளவு கட்டிலில் வைத்தே கொடுக்கலாமா என்பது. மேலே கொப்பி மாதிரியில் 11.15க்குக் கால் இழுபடுவதாக எழுதியதும் இதே கூட்டத்தில்தான் சேரும்; 6 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் ஏழு மணி நேர இடைவெளி இவருக்குப் பெரிது. பிரஷரைச் சரிசெய்யாமல் குளிசையைக் கூட்டினால் கிணற்றடி விழுதல் கூடும், ஆகவே முதலில் பிரஷர் பக்கத்தைக் கட்டுங்கள், பிறகு இதற்கு வாருங்கள்.

இரவில் அவர் கக்கூசுக்கு நடக்க வேண்டிய தேவையே இல்லாமல் செய்யலாம். கட்டில் பக்கத்தில் மூடியுள்ள சிறுநீர்ப் போத்தல் வைத்தால் நாலு நடை மிச்சம். நடந்துதான் ஆக வேண்டுமென்றால் வழிமுழுக்க ஒரு சின்ன வெளிச்சம் இரவு முழுக்க எரியட்டும், நுளம்பு வலை தொங்கிக் காலில் சிக்காமல் மெத்தைக்குக் கீழே செருகப்பட்டிருக்கட்டும், சாரம் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். வாசல்நிலைக்கு முன்னும் பின்னும் நிறத்துணி ஒட்டு அல்லது வண்ணப் பூச்சால் குறுக்குக் கோடுகள் போடுங்கள், ஒரு அடிக்கு ஒரு கோடு, அவருடைய காலடி அளவுக்கு. ஒட்டிய கால் கோட்டைக் கண்டால் தாண்டிப் போகும். தானாக நடக்கும் பாதை மூளையில் அடைபட்டாலும் பார்த்து நடக்கும் பாதை திறந்திருப்பதால் இது நடக்கிறது. கால் ஒட்டிவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் உடம்பு வரும், கால் வராது. "நில்லுங்கோ அப்பா, மூச்செடுங்கோ, நிமிருங்கோ, இடமும் வலமும் ஆடுங்கோ, இப்ப பெரிய அடி" என்று வரிசையாகச் சொல்லுங்கள். திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்பப் பழக்குங்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம், இரண்டு கையிலும் சாமான் கொடுக்க வேண்டாம்.

நான்காவதாக ஒரு சங்கதி, மருந்தால் மாற்ற முடியாதது. லெவோடோப்பா கையையும் காலையும் திறந்துவிடும், சமநிலையை அவ்வளவு திருத்தாது, ஏனெனில் சமநிலை டோபமினை மட்டும் நம்பி இருப்பதில்லை. அதனால் மருந்து நன்றாக ஏறிய நேரத்தில் அப்பா "நல்லா இருக்கிறன்" என்று வேகமாக எழும்பி நடப்பார், கால் ஓடும், உடம்பு சமாளிக்காது. இன்னும் சிலருக்கு உச்ச நேரத்தில் இடுப்பும் தலையும் தானாக நெளிந்து ஆட்டும். இந்த வகைக்கு உடற்பயிற்சி வைத்தியரின் பயிற்சிதான் மருந்து. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பொல்லோ நடைச்சட்டமோ வாங்குவதற்கு முன் அவர்களைக் கேட்பது நல்லது. தூக்கித் தூக்கி வைக்கும் இலேசான சட்டம் கால் ஒட்டுபவரைச் சிலநேரம் இன்னும் மோசமாக்கும்.

வீட்டில் இரண்டு இடத்துக்கு மட்டும் பணம் செலவழிக்க முடியும் என்றால் கிணற்றடியையும் கக்கூசையும் எடுங்கள். குளிக்கும் இடத்தில் பாசியைச் சுரண்டி, சொரசொரப்பான சீமெந்து போட்டு, கனமான ஒரு மரக்கதிரை வைத்து, இருந்தபடி கையால் ஊற்றிக் குளிக்கட்டும். பிளாஸ்டிக் கதிரை ஈரத்தில் வழுகி மடியும், அது வேண்டாம். குந்தும் கக்கூசுக்கு மேலே வைக்கும் உயர்ந்த இருக்கை கிடைக்கும், அல்லது கொமோட் போடுங்கள். சுவரில் கைபிடிக் குழாயை ஆணி அடித்துப் பொருத்தினால் ஒருநாள் கழன்று வரும். துளை போட்டுப் போல்ட் இறுக்க வேண்டும். மார்கழி மழையில் விறாந்தையில் உலர்ந்த சாக்கு விரிப்பதும் கால் தடுக்கும், வழுக்காத பாய் வையுங்கள்.

விழுந்தபின் தூக்கத் துடிக்காதீர்கள். கண் இருட்டி விழுந்தவரைச் சில நிமிடம் படுத்தபடியே விட்டு, கால்களைத் தலையணையில் உயர்த்தினால் தெளிவார். இடுப்பும் தொடையும் நோகிறதா, ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி என்றால் தொடை எலும்புக் கழுத்து முறிவாக இருக்கலாம், அசைக்காமல் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்சுக்குச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டு, அஸ்பிரின், குளோபிடோகிரல், வோபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை எடுப்பவராக இருந்தால் ஒன்றும் இல்லைபோலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் இரத்தம் நாள்கணக்கில், கிழமைக்கணக்கில் கழித்துத்தான் காட்டும்: தலையிடி, இடைவிடாத நித்திரை, பேச்சுத் தடுமாற்றம். ஒன்றும் முறியவில்லை என்றால் பக்கவாட்டில் உருண்டு, முழங்கையை ஊன்றி, நாலு காலில் நின்று, கனமான கதிரையைப் பிடித்து, பலமான காலை முன்வைத்து அவராக எழும்பட்டும். நீங்கள் இடுப்பில் கை கொடுத்தால் போதும், கக்கத்தில் பிடித்து இழுக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டி வந்தால் இது மிக முக்கியம்: பார்கின்சன் குளிசை தன் நேரம் தவறக் கூடாது. வாட்டில் மருந்து கொடுக்கும் நேரம் 6, 2, 10 என்று இருக்கலாம், அப்பாவின் நேரம் வேறாக இருக்கலாம். குளிசைப் பெட்டியையும் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துப் போய், சத்திரசிகிச்சைக்கு முன் பட்டினி போட்டாலும் இந்தக் குளிசையை ஒரு வாய் தண்ணீரோடு கொடுக்கலாமா என்று முதல் ஆளாகக் கேளுங்கள். பெட்டியின் மூடியில் ஒரு தாள் ஒட்டி, மேல்வரியில் குளிசை நேரங்களும், கீழ்வரியில் "மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடோல், சினரிசின் கொடுக்க வேண்டாம்: பார்கின்சன் நோயாளி" என்றும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். சிங்களத்தில் ஒரு வரியும் சேர்த்து எழுதித் தரச் சொல்லி ஒருவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு நேர வேலையில் இருப்பவர் எந்த மொழிக்காரர் என்று முன்கூட்டித் தெரியாது.